படத்துக்கு வந்த நாற்காலிகள்

அத்தியாயம் 14

போன வாரம் விட்ட இடத்திலேயே பிடித்துக்கொள்கிறேன். அக்கா வீட்டுக்காரர், அதாவது என் மாமா, வேனுக்குப் பின்னால் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். "படம் எடுத்தாச்சுல்ல? அப்புறம் என்ன, எல்லாத்தையும் திருப்பி ஏத்திடு" என்றார். நான் காதில் வாங்கிக்கொண்டு பேசாமல் வந்துவிட்டேன். வந்தேனே தவிர, அந்தத் 'திருப்பி' தொண்டையில் மாட்டிக்கொண்ட மாத்திரை மாதிரி உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். காலி செய்த ஆபீஸ்களில் கிடக்கும் மேஜை நாற்காலிகளை அப்புறப்படுத்துவதுதான் எங்கள் தொழில். கடை அக்காவுடையது, பேச்சு மாமாவுடையது, இடுப்பு வலி என்னுடையது. வேனில் பெரிதாக ஒரு பச்சை இலையை வரைந்து, 'ஒரு துண்டுகூடக் குப்பைக்குப் போகாது' என்று எழுதியிருக்கிறோம். நல்லதாக இருப்பது அப்படியே பள்ளிக்கூடங்களுக்குப் போகும். உடைந்ததைப் பிரித்து இரும்பு, பலகை, பஞ்சு என்று தனித்தனியாக அனுப்புவோம். அந்த இலையை நம்பித்தான் கம்பெனிக்காரர்கள் எங்களைக் கூப்பிடுகிறார்கள்.

புருஷன் விட்டுவிட்டுப் போன நாளிலிருந்து நானும் என் பெண்ணும் அக்கா வீட்டு மாடியில் இருக்கிறோம். வாடகை என்று அக்கா ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. அதையும் சொல்லாமல் விட்டால் எனக்கே நல்லா இருக்காது.

இன்று காலையில் ஒரு கட்டிடத்தின் மூன்றாவது மாடி. கண்ணாடிக் கதவு, கம்பளத் தரை, சுவரில் கம்பெனிப் பெயர் இருந்த இடத்தில் பசைத் தடம். வெளியிலிருந்து பார்த்தால் என்னமோ பெரிய மனுஷங்க உட்கார்ந்த இடம். ஒரு டிராயரைத் திறந்து பாருங்கள், தெரியும் லட்சணம்!

முதல் டிராயரில் வெட்டிய நகத்தை ஒரு குண்டூசி டப்பாவில் சேர்த்து வைத்திருந்தார் ஒரு மகராசன். எதுக்குடா அது, யாருக்குக் கொடுக்க? இரண்டாவதில் காது குடைந்த பஞ்சுக் குச்சிகள். மூன்றாவதில் முடி சுற்றிய சீப்பும், கடித்துப் பாதியில் வைத்த பிஸ்கட்டும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. மேஜைக்கு அடியில் கை விட்டால் வரிசையாகச் சூயிங்கம். சில காய்ந்தவை, சில இன்னும் காயாதவை. காயாததுதான் என் விரலில் வந்தது. கருமம்!

"கையுறை போட்டுக்கக்கூடாதாம்மா?" என்றார் ஸ்பேனர் அண்ணன். எங்களிடம் வேலை செய்பவர். இடுப்பில் எந்நேரமும் ஒரு ஸ்பேனர் தொங்கும், அதனால் அந்தப் பெயர்.

"கையுறை போட்டா மேஜை ஆடுதா ஆடலையான்னு கைக்குத் தெரியாதுண்ணே."

அதுதான் என் வேலை. ஒவ்வொரு சாமானையும் தட்டி, அசைத்து, கவிழ்த்துப் பார்க்க வேண்டும். உறுதியாக இருந்தால் பச்சை டேப் ஒட்டுவேன், அது முழுசாகப் பள்ளிக்குப் போகும். ஆட்டம் கண்டிருந்தால் மஞ்சள் டேப், பிரித்துவிடுவோம். குப்பைக்கென்று சிவப்பு டேப் நாங்கள் வாங்குவதே இல்லை. இதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. ஊரான் அழுக்கைத் தொட்டாலும், இந்த மேஜையில் ஒரு பிள்ளை எழுதும் என்று நினைத்துக்கொண்டால் குமட்டல் அடங்கிவிடும்.

கம்பெனியிலிருந்து ஒரு மேடம் பார்க்க வந்தார். மூக்கில் டிஷ்யூவை வைத்தபடி வாசலிலேயே நின்றார். அவர்களுடைய ஆபீஸ், அவர்களுடைய நாற்றம், உள்ளே வர மட்டும் அருவருப்பு.

"இதெல்லாம் குப்பைமேட்டுக்குப் போகாதுல்ல?"

"ஒரு ஸ்க்ரூகூடப் போகாது மேடம்!" மாமா நெஞ்சில் கை வைத்தார். "குழந்தைங்க முகத்துல அந்தச் சிரிப்பைப் பாக்கத்தான் மேடம் நாங்க இந்தத் தொழில்லயே இருக்கோம்."

"குழந்தைங்க உட்கார்ந்திருக்கிற மாதிரி ஒரு படம் மட்டும் சாயங்காலத்துக்குள்ள அனுப்பிடுங்க. மேல காட்டணும்."

எந்தப் பள்ளிக்கூடம், எத்தனை பிள்ளைகள் என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டுமே! ம்ஹூம். லிஃப்ட் வந்தது, போய்விட்டார்.

மாமா உடனே வேன் சாவியை எடுத்தார். "நான் அந்த ஸ்கூலுக்குப் போயிட்டு வந்துடறேன்."

"எதை எடுத்துட்டுப் போறீங்க மாமா? பச்சை டேப் ஒட்டினது ஒண்ணும் இன்னும் கீழ இறங்கலையே."

"அது அடுத்த ட்ரிப்புல வரும்மா. முதல்ல போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வரலாம்னு."

"அப்ப நானும் வர்றேன். போன வாரம் அந்த டீச்சர்கிட்ட போன்ல பேசினது நான்தானே. மேஜையோட அளவு, ரூமோட அளவு எல்லாம் கேட்டு வெச்சிருக்கேன்."

"நீ எதுக்கும்மா வெயில்ல? இங்க வேலை கிடக்கு."

"கிடக்கட்டும்" என்று சொல்லி, அவருக்கு முன்னால் கீழே இறங்கி வேனின் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். மாமா சிரித்தார். அவர் எதற்கும் சிரிப்பார். இழவு வீட்டுக்குப் போனால்கூடக் கையைக் கடித்துக்கொண்டுதான் அந்த வாயை மூட வேண்டும்.

வேனின் பின்பக்கம் எட்டிப் பார்த்தேன். எங்கள் பன்னிரண்டு நீல நாற்காலிகள் மட்டும் அடுக்கியிருந்தன. அவை எப்போதும் வேனிலேயே இருக்கும். ஆட்கள் சாப்பிடும்போது உட்காருவதற்கு என்று மாமா சொல்லியிருந்தார். ஆனால் ஒரு ஆளும் அதில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அட்டையை விரித்துத் தரையில்தான் சாப்பிடுவார்கள். வாரா வாரம் அந்த நாற்காலிகளைச் சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவுவது மட்டும் என் தலையில். கேட்டால், "சுத்தம் முக்கியம்மா" என்பார். ஸ்பேனர் அண்ணன் அவற்றின் நடுவில் உட்கார்ந்து கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

பள்ளிக்கூடம் ஒரு சின்னச் சந்தின் முடிவில் இருந்தது. இரண்டே அறை. வாசலில் டீச்சர் காத்திருந்தார். என் குரலைக் கேட்டதும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்கதானா போன்ல பேசினது? வாங்க வாங்க. ரூமைக் காலி பண்ணி வெச்சிட்டோம்."

உள்ளே போனேன். சுத்தமாகப் பெருக்கிய வெறும் அறை. சுவரோரமாகப் பிள்ளைகள் வெறும் சிமெண்ட் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நோட்டு மடியில். ஒரு பொடியன் குப்புறப் படுத்து எழுதிக்கொண்டிருந்தான்.

"கீழ விரிக்க ஒண்ணும் இல்லையா டீச்சர்?"

"இருந்துச்சு. நீங்க அளவெல்லாம் கேட்டீங்களா, அதான் இந்தத் தடவை நிஜமாவே வருதுன்னு விரிப்பையெல்லாம் பக்கத்து ஸ்கூலுக்குக் குடுத்துட்டோம். அங்கயும் பிள்ளைங்க தரையிலதான் உட்காருதுங்க."

'இந்தத் தடவை நிஜமாவே' என்றால்? நான் வாயைத் திறப்பதற்குள் நீல நாற்காலிகள் உள்ளே வந்துவிட்டன. மாமாவே இரண்டு இரண்டாகத் தூக்கி வந்து மூன்று வரிசையாகப் போட்டார். ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழுகிற மாதிரி கொஞ்சம் திருப்பி வைத்தார். அத்தனை பழக்கம்.

பிள்ளைகளும் பழகித்தான் இருந்தன. யாரும் சொல்லாமலே பன்னிரண்டு பேர் எழுந்து வந்து உட்கார்ந்தார்கள். முதுகு நேராக, கை முழங்கால் மேலே. மற்றவர்கள் படத்தில் விழாத மாதிரி கதவுப் பக்கம் ஒதுங்கினார்கள்.

"எங்க, எல்லாரும் சிரிங்க பாப்போம்!"

சிரித்தார்கள். மாமா நாலைந்து படம் எடுத்து, போனில் பெரிதாக்கிப் பார்த்து, "பிரமாதம்" என்றார்.

அடுத்து நடந்ததை நான் செத்தாலும் மறக்க மாட்டேன். அந்தப் பன்னிரண்டு பிள்ளைகளும் எழுந்தன. ஆளுக்கு ஒரு நாற்காலியைத் தூக்கின. ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் போய் வேனில் ஏற்றின. யாரும் ஏற்றச் சொல்லவில்லை, யாரும் அழவும் இல்லை. விளையாட்டு மைதானத்திலிருந்து பந்தை எடுத்து வைக்கிற மாதிரி செய்தார்கள். மாமா வேன் பக்கத்தில் நின்று, ஏற்றி முடித்த ஒவ்வொருவருக்கும் ஒரு பிஸ்கட் பாக்கெட் கொடுத்தார்.

"நீங்க புதுசாக்கா?" என்றாள் ஒரு சின்னவள். "எப்பவும் அந்த ஸ்பேனர் வெச்ச மாமாதான் கூட வருவாங்க."

"எப்பவும்னா? இதுக்கு முன்னாடியும் வந்திருக்காங்களா?"

"வருவாங்களே. படம் எடுத்தா பிஸ்கட் தருவாங்க."

மாமா டீச்சரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "இதுக்குக் கொஞ்சம் பாலிஷ் போட வேண்டியிருக்கு டீச்சர். போட்டு அடுத்த வாரம் மொத்தமா இறக்கிடறோம்."

டீச்சர் மெதுவாகத்தான் சொன்னார். "போன தடவையும் பாலிஷ் போடத்தானே சார் எடுத்துட்டுப் போனீங்க."

சீ! என்ன பிறவி இது? தரையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைத் தூக்கி உட்கார வைத்து, படம் பிடித்து, அந்த நாற்காலியை அவர்கள் கையாலேயே திருப்பி ஏற்ற வைத்து, கூலியாக ஒரு பிஸ்கட். காலையில் என் விரலில் ஒட்டிய ஊரான் எச்சில் எவ்வளவோ தேவலை. அதையாவது சோப்பு போட்டுக் கழுவிவிட்டேன்.

நேராக ஸ்பேனர் அண்ணனிடம் போனேன். "பச்சை டேப் ஒட்டி அனுப்பறேனே, அதெல்லாம் எங்கண்ணே போகுது?"

"என்னைக் கேக்காதம்மா."

"உங்களைத்தான் கேக்கறேன். உப்பு போட்டுத்தானே சாப்பிடறீங்க?"

அவர் மூக்கை உறிஞ்சினார். "இரும்புக் காலை மட்டும் கழட்டிட்டு மத்ததைச் செங்கல் சூளைக்குப் பின்னாடி குழியில போட்டுக் கொளுத்திடுவோம். பஞ்சு, பலகை எல்லாம். மஞ்சளும் அங்கதான், பச்சையும் அங்கதான். முதலாளி சொன்னதைச் செய்யறவன்ம்மா நான்."

மாமா சட்டையைத் துவைக்கும்போதெல்லாம் ஒரு கருகிய பிளாஸ்டிக் நாற்றம் வரும். எங்கேயோ பக்கத்தில் குப்பை கொளுத்துகிறார்கள் என்று நான் அக்கம்பக்கத்தாரைத் திட்டியிருக்கிறேன்.

பிறகு வேனில் ஏறினேன். ஒரு நீல நாற்காலியைத் தூக்கிக் கீழே நீட்டினேன். "இந்தா கண்ணு, உள்ள கொண்டு போய்ப் போடு."

பிள்ளைகளுக்குப் புரியவில்லை. "மறுபடியும் படமாக்கா?"

"இல்ல. இனிமே இது உங்களோடது."

"என்னம்மா பண்றே?" மாமா பக்கத்தில் வந்தார். டீச்சர் பார்க்கிறாரே, சிரிப்பை விட முடியவில்லை பாவம். பல்லைக் காட்டிக்கொண்டே பல்லுக்குள் பேசினார். "இறங்கு. மானம் போகுது."

"அது இருந்தாத்தானே மாமா போறதுக்கு?"

"யார் வீட்டுல இருந்துக்கிட்டு யாரைப் பேசறேன்னு நினைப்பிருக்கா?"

"இருக்கு. அதனாலதான் வாயைக் கட்டிக்கிட்டுப் பேசறேன். இல்லன்னா கேக்கற கேள்வியில நீங்க நாக்கைப் பிடுங்கிக்கணும்."

ஒன்று, இரண்டு என்று எல்லா நாற்காலியும் இறங்கிவிட்டன. நான் உள்ளே போய் அதில் ஒன்றை வாசல் நிலைக்கு நேராகப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். என்னைத் தாண்டி ஒன்றும் வெளியே போகாது. மாமா போனை எடுத்து, "உன் தங்கச்சிக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கு, உடனே வா" என்றார்.

வரட்டும் என்று நானும் நினைத்தேன். அக்கா வந்தால் தெரியும். சின்ன வயதில் கடைக்காரன் எனக்கு அழுகின பழத்தைக் கொடுத்துவிட்டான் என்று, அவன் கடை வாசலிலேயே அதைத் தூக்கிப் போட்டுச் சண்டை பிடித்தவள் என் அக்கா. இந்த மனுஷனை இங்கேயே நாலு அறை விடுவாள். எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

டாக்ஸியிலிருந்து இறங்கி மூச்சு வாங்க வந்தாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். வெறும் தரை, பன்னிரண்டு நாற்காலி, பிஸ்கட் தின்னும் பிள்ளைகள்.

"அக்கா, இவரு என்ன பண்றாருன்னு பாத்தியா? படம் எடுத்துட்டுத் திருப்பி ஏத்தறாரு. நான் ஒட்டி அனுப்பறது எல்லாத்தையும் குழியில போட்டுக் கொளுத்தறாங்களாம்!"

அக்கா மாமாவைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். "எந்திரிடி. வீட்டுல போய்ப் பேசிக்கலாம்."

"அக்கா... உனக்குத் தெரியுமா?"

"என்ன தெரியுமா? இந்த நீலக் கலரை யாரு எடுத்ததுன்னு நினைச்சே? இவருக்குக் கலர் தெரியுமா? முதல்ல பழுப்பு வாங்கிட்டு வந்து நின்னாரு. படத்துல அழுக்காட்டம் விழுந்துச்சு. நான்தான் மாத்தினேன்."

குரலைக்கூடத் தாழ்த்தவில்லை. புடவைக்கு ஜாக்கெட் எடுத்த கதையைச் சொல்கிற மாதிரி சொன்னாள்.

மாமாவைப் பார்த்து எனக்கு வந்தது வெறும் குமட்டல். அக்காவைப் பார்த்ததும் அழுகையும் சேர்ந்துகொண்டது. எதை விழுங்குவது, எதைத் துப்புவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

"முதல் வருஷம் நிஜமாத்தாண்டி குடுத்தோம்" என்றாள். "வண்டி வெச்சு, ஆள் வெச்சு, மாடி மாடியா ஏத்தி இறக்கினோம். ஒரு கம்பெனிக்காரன் வந்து எட்டிப் பாத்தானா? நீ சொல்லு. குடுத்தீங்களா, பிள்ளைங்க உட்காருதான்னு ஒருத்தன் கேட்டதில்ல. படம் எங்கேன்னு மட்டும்தான் கேட்டான். படம் கேட்டவனுக்குப் படம் குடுக்கறேன். இதுல என்ன தப்பு?"

"இந்தப் பிள்ளைங்களை இப்படி ஏமாத்தறது தப்பா தெரியலையா?"

"பிஸ்கட் குடுக்கறோமே!"

அந்த மூஞ்சியில் ஒரு வெட்கம், ஒரு தடுமாற்றம் தென்படுகிறதா என்று தேடினேன். கிடைக்கவில்லை. என் அக்காவின் மூஞ்சியை எனக்குப் பார்க்கப் பிடிக்காமல் போனது அப்போதுதான், முதல்முறையாக.

அக்கா மணியைப் பார்த்தாள். "சரி, பன்னெண்டு நாற்காலிதானே? விட்டுத் தொலை. அவங்களே வெச்சுக்கட்டும். வேற பன்னெண்டு வாங்கிக்கலாம். வா."

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். இது தனக்குக் கிடைத்த தர்மம் என்று சந்தோஷப்படுவதா, அறை வாங்கிய மாதிரி நிற்பதா என்று அவருக்குத் தெரியவில்லை.

"எனக்கு இந்தப் பன்னெண்டு வேணாம்க்கா" என்றேன். "மூணாவது மாடியில பச்சை டேப் ஒட்டி வெச்சிருக்கேனே, அத்தனை மேஜையும் நாற்காலியும் இங்க வந்து இறங்கணும். அதைத்தான் டீச்சர்கிட்ட சொன்னேன். என் வாயால சொன்னேன். அதை நம்பித்தான் விரிப்பைக்கூடக் குடுத்துட்டு உட்கார்ந்திருக்காங்க."

"வரலைன்னா?"

"நாளைக்கு அந்த மேடத்தைக் கையைப் பிடிச்சு இங்க கூட்டிட்டு வருவேன். அப்புறம் செங்கல் சூளைக்கும் கூட்டிட்டுப் போவேன். மூக்குல டிஷ்யூ வெச்சுக்கிட்டே பாக்கட்டும்."

மாமாவின் சிரிப்பு அப்போதுதான் நின்றது. ஸ்பேனர் அண்ணன் மெதுவாக வேனுக்குப் பின்னால் போய் மறைந்துகொண்டார்.

அக்கா என் பக்கத்தில் வந்தாள். என் தோளில் கை வைப்பாள் என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். கையை நீட்டத்தான் நீட்டினாள், உள்ளங்கை மேலே பார்த்தபடி.

"மாடி சாவியைக் குடு."

பிள்ளைகள் எல்லாரும் எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நாற்காலிக்கு இரண்டு பேராக நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் குப்புறப் படுத்து எழுதின பொடியனுக்கும் ஓர் ஓரத்தில் இடம் கிடைத்திருந்தது. நான் எழுந்தால் அவர்களும் எழுந்து நாற்காலியைத் தூக்கத் தயாராக இருந்தார்கள்.

நான் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே இடுப்பிலிருந்து சாவியை எடுத்து அவள் கையில் வைத்தேன். அக்கா அதைப் பையில் போட்டுக்கொண்டு, மாமாவைக் கூட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வேனில் ஏறினாள். பச்சை இலை சந்து முனையில் திரும்பிப் போனது.

இன்னும் கொஞ்ச நேரத்தில் என் பெண்ணுக்கு ஸ்கூல் விட்டுவிடும். வழக்கம்போல நேராக அந்த வீட்டுக்குத்தான் போவாள். மாடி ஏறிப் பூட்டைப் பார்த்துவிட்டு, கீழே இறங்கி, பெரியம்மாவிடம்தான் சாவி கேட்பாள்.